பாட்ஸ்பியோர்டில் இல்லாத உண்ணியும் வன்னியில் இறந்த பசுவும்

2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வட நோர்வே வழமைக்கு மாறாக வெந்தது. ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளேயே வெப்பநிலை 30 பாகை செல்சியசைத் தாண்டியது. அந்த நாட்களில் பாட்ஸ்பியோர்டில் எங்கள் மீன் தொழிற்சாலை இடைவேளைகளில் வெயிலைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை. விடுமுறைக்குக் கிறிஸ்தியான்சான்ட் பக்கம் போய்வந்த ஒரு தம்பி, தன் மகனின் முழங்காலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு பூச்சியைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தார். "அண்ணை, எங்கட ஊர் மாட்டுண்ணி மாதிரியே கிடக்கு. இனி இஞ்சையும் வந்திடுமோ?" என்று கேட்டார்.

பகிடியாகக் கேட்டாலும் கேள்வி பகிடியானதல்ல. அதற்குப் பதில் தேடப் போன எனக்கு, சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து ஊரில் செய்த ஒரு தவறுக்கும் விளக்கம் கிடைத்தது. அதை எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நாம் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். பாட்ஸ்பியோர்ட் 70 பாகை வட அகலாங்கையும் கடந்து, பாரென்ட்ஸ் கடலோரத்தில், வராங்கர் தீபகற்பத்தில் இருக்கிறது. மரமில்லாத நிலம். ஏறத்தாழ 2,200 பேர். 1980களில் எம்மவர்கள் மீன் வெட்ட வந்த காலம் முதல் இங்கே மாடு என்று ஒன்றைக் கண்டவர் குறைவு. பின்மார்க்கில் பால்மாடு பார்க்கவேண்டுமென்றால் தானா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கோ அல்தா பக்கமோ போகவேண்டும். உண்ணியும் அப்படித்தான், மாட்டையும் மனிதரையும் கடிக்கும் காட்டுண்ணி இங்கே நிலைகொள்ளவில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு திருத்தம். உண்ணி இனமே இங்கு இல்லை என்று சொல்வது சரியல்ல. வார்டோவுக்கு எதிரேயுள்ள ஹோர்ன்ஒய்யா தீவில் கடற்பறவைகளின் இரத்தம் குடித்து வாழும் ஒரு வகை உண்ணி இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக அதைப் படித்து வருகிறார்கள். பாறை வெடிப்புகளில் பனிக்காலத்தைக் கழித்துவிட்டுப் பறவைகள் முட்டையிட வரும்போது வெளியே வரும். ஆகவே குளிர் மட்டும் உண்ணியைக் கொன்றுவிடாது. குளிரைத் தாங்கும் இனமா, அதற்குரிய விலங்கு அங்கே உண்டா, இடைப்பட்ட காலத்தில் ஒளிந்திருக்க ஈரமான இடம் உண்டா என்பவையே கணக்கு.

தென் நோர்வேயில் அந்தத் தம்பியின் மகனைக் கடித்தது இக்ஸோடிஸ் ரிசினஸ் என்ற காட்டுண்ணி. அதன் வாழ்க்கை மிக மெதுவானது. குஞ்சாக ஒருமுறை, இளம் உண்ணியாக ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை என மூன்று வேறு விலங்குகளில் ஏறி இரத்தம் குடிக்கும். வாழ்நாளில் சாப்பாடு மூன்றே மூன்று நேரம்தான். இடையில் புல்லடியிலும் சருகுக்குள்ளும் மாதக்கணக்கில் காத்திருக்கும். வெப்பநிலை 5 பாகையைத் தாண்டினால் அசையத் தொடங்கும். காற்றில் ஈரம் குறைந்தால் காய்ந்து செத்துப்போகும். முட்டையிலிருந்து முட்டை வரையான சுற்று பொதுவாக மூன்று ஆண்டுகள் எடுக்கும். குளிரான இடங்களில் இன்னும் கூடும். கோடை குறுகினால் அந்தச் சுற்று முடியாது. வடக்கே அதற்கு எல்லை விழுவது இதனால்தான்.

அந்த எல்லை நகர்ந்திருக்கிறது. 1943இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, ஒஸ்லோ குடாவிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே பிரோன்னொய்சுண்ட் சுற்றுவட்டாரம் வரைதான் காட்டுண்ணி இருந்தது. அது ஏறத்தாழ 65 பாகை. 2011இல் வெளியான நோர்வே ஆய்வொன்று கால்நடை மருத்துவர்கள், வேட்டைக்காரர்கள், பத்திரிகைச் செய்திகள், நோய்ப் பதிவுகள் என்று பல வழிகளில் தகவல் சேர்த்து, 69 பாகை வரையும் கடல்மட்டத்திலிருந்து 583 மீற்றர் உயரம் வரையும் உண்ணி காணப்பட்டதாகச் சொன்னது. ஒன்றிரண்டு உண்ணி காணப்படுவது வேறு, அங்கேயே பெருகி வாழ்வது வேறு. துணியை இழுத்துத் தேடிய கள ஆய்வுகள் நிலையான பெருக்கத்தை 66 பாகைக்குச் சற்று மேலே டொன்னா தீவுப் பக்கம்தான் கண்டன. அங்கிருந்து பாட்ஸ்பியோர்ட் இன்னும் வெகு தூரம். தம்பிக்கு உடனடிப் பதில் அதுதான்: உங்கள் காலத்தில் அல்ல, மகனின் காலத்தில் கேட்டுப்பாருங்கள்.

எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நோர்வேக் கரையோரத்தில் நடந்தது அதைவிடச் சிக்கலானது. சிறு பண்ணைகள் மூடப்பட்டன. ஆடுமாடு மேய்ந்த வெளிகள் பற்றையாக மாறின. அந்தப் பற்றைக்குள் மான்கள் பெருகின. நிழலும் ஈரமும் இரத்தமும் ஒரே இடத்தில் கிடைத்தால் உண்ணிக்கு வேறென்ன வேண்டும்? வெப்பம் கதவைத் திறந்துவிட்டது உண்மை. உள்ளே விருந்து வைத்தது நிலப் பயன்பாடு. மனிதருக்கு இதன் விலை தெரிந்ததுதான். உண்ணி மூளைக்காய்ச்சல் நோர்வேயில் முதன்முதலில் 1997இல் அரெண்டாலுக்கு அருகே துரொமொய்யாவில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அக்டர், தெலமார்க், வெஸ்ட்போல்ட் பகுதிகளில் இருப்பவர்கள் தடுப்பூசியைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

மாட்டுக்கு வரும் நோயைக் கரையோர விவசாயிகள் 'புலூட்பிஸ்' என்பார்கள். இரத்தமூத்திரம் என்று அப்படியே தமிழில் சொல்லலாம். பபேசியா என்ற நுண்ணுயிர் உண்ணி வழியாக மாட்டின் இரத்தத்துக்குள் போய்ச் செங்குருதிக் கலங்களை உடைக்கும். மூத்திரம் கோப்பி நிறமாகும். காய்ச்சல், சோகை, பால் வற்றுதல், கவனிக்காவிட்டால் சாவு. 2010இல் வெளியான ஒரு ஆய்வில் தென் நோர்வேக் கரையோரத்தின் 24 பண்ணைகளில் 306 மாடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகமானவற்றில் இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் இருந்தது. அவை நோயாளி மாடுகளல்ல, நன்றாக மேய்ந்துகொண்டிருந்த மாடுகள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கிருமி உடலுக்குள் போய்வந்த மாடு நலமாக நிற்கிறது. அப்படியானால் சாகிற மாடு எது?

இந்தக் கேள்விக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் தெற்கு டெக்சாசிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகள் கொழுகொழுவென்று போய்ச் சேர்ந்தன. அவை மிதித்துப்போன புல்லை மேய்ந்த வடக்கு மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நோயில்லாத மாடு எப்படி நோயைக் கொண்டுவரும் என்று எவருக்கும் விளங்கவில்லை. தியோபால்ட் சிமித்தும் கில்போர்னும் 1893இல் விடையை வெளியிட்டார்கள்: உண்ணிதான் கிருமியைச் சுமக்கிறது. தெற்கு மாடுகள் கன்றாக இருக்கும்போதே கடிபட்டு எதிர்ப்புச் சக்தி பெற்றவை. வடக்கு மாடுகள் உண்ணியையே அறியாதவை. வளர்ந்த பிறகு முதற்கடி பட்டன. கன்றுக்கு இந்த நோய் பெரும்பாலும் இலேசாக வந்துபோகும். வளர்ந்த மாட்டுக்கு முதன்முதலாக வந்தால் கொல்லும். நோர்வேயின் உள்நாட்டுப் பள்ளத்தாக்கிலிருந்து வளர்ந்த மாட்டை வாங்கிக் கரையோர மேய்ச்சலில் விட்டாலும் கதை இதுதான். உண்ணி நிறைந்த ஊரில் பிறந்த மாட்டைவிட, உண்ணி இல்லாத ஊரிலிருந்து உண்ணி உள்ள ஊருக்குப் போன மாட்டுக்குத்தான் ஆபத்து.

இனி எங்கள் தவறுக்கு வருகிறேன்.

போரில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு, முல்லைத்தீவு மாவட்டத்தில், இங்கிருந்த சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு கறவைப்பசு வாங்கிக் கொடுத்தோம். நல்ல பசுவாக இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான்தான். யாழ்ப்பாணத்தில், கொட்டிலிலேயே கட்டி வைத்துத் தீவனம் போட்டு வளர்த்த ஜேர்சிக் கலப்புப் பசு. கன்று போட்டு அதிக நாளாகவில்லை. நாளுக்கு எட்டு லீற்றர் கறக்கும் என்றார்கள். லொறியில் ஏற்றிக் காட்டோரக் கிராமமொன்றுக்கு அனுப்பினோம். படம் வந்தது, எல்லோரும் பகிர்ந்துகொண்டோம். அது ஒக்ரோபர் மாதம். ஏழாவது கிழமை பசு இறந்துவிட்டது. "மூத்திரம் கறுப்பாய் போச்சுது அண்ணை, மூண்டு நாளாய் எழும்பேல்லை" என்று அந்தத் தங்கச்சி தொலைபேசியில் அழுதார். கால்நடை வைத்தியர் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். கவனிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார் என்று இங்கே சிலர் முணுமுணுத்தார்கள். அன்று நானும் மறுத்துப் பேசவில்லை.

இன்று யோசித்தால், அந்தப் பசுவைக் கொல்வதற்கு என்னென்ன வேண்டுமோ அவ்வளவையும் நாங்களே சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். கடிபடாமல் வளர்ந்த உடம்பு. பால் சுரப்பதில் களைத்திருந்த நேரம். லொறிப் பயணம். போய்ச் சேர்ந்த இடத்தில் பட்டிமாடுகள் பலகாலம் மேய்ந்து உண்ணி உதிர்த்த பற்றைக்காடு. அதன் மேல் மாரி மழையின் தொடக்கம்.

எமது மண்ணின் உண்ணிகள் நோர்வேக் காட்டுண்ணியைப் போல் பொறுமைசாலிகள் அல்ல. இலங்கையின் ஈரவலயத்திலும் மலையகத்திலும் மாட்டில் அதிகம் காணப்படுவது ரிப்பிசெபலஸ் மைக்ரோப்ளஸ். அது குஞ்சிலிருந்து முதிர்ச்சி வரை ஒரே மாட்டிலேயே இருக்கும். ஏறிய மூன்று கிழமைக்குள் ஊதிப் பெருத்து நிலத்தில் விழுந்து இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இடும். நோர்வேயில் ஒரு தலைமுறை எடுக்கும் காலத்தில் இது பல தலைமுறைகளைக் கண்டுவிடும். வறண்ட வலயமான வன்னியிலும் கிழக்கிலும் ஹையலோமா, ஹீமாபைசாலிஸ் வகைகளும் சேர்ந்துகொள்ளும். ஹையலோமாவுக்குக் கால் நீளம், வெக்கை பிடிக்கும், சும்மா புல்நுனியில் காத்திராமல் விலங்கைக் கண்டால் ஓடிவந்து ஏறும். சித்திரை, வைகாசி வெயிலில் புல் கருகும்போது குஞ்சுகள் காய்ந்து செத்துத் தொகை குறையும். மழை விழுந்து புல் தலைதூக்கியதும் மறுபடியும் பொங்கும். நாங்கள் பசுவை அனுப்பிய மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

(ஹையலோமாவைப் பற்றி ஒரு இடைச்செருகல். நோர்வேக் கரையோரத்தில் வசந்த காலத்தில் வந்திறங்கும் சிறு பறவைகளைப் பிடித்துச் சோதித்தவர்கள், மிக அரிதாக அவற்றில் ஹையலோமாக் குஞ்சுகளையும் கண்டிருக்கிறார்கள். 2018இன் கொடும் கோடையில் சுவீடனில் வளர்ந்த ஹையலோமா உண்ணிகளே கண்டெடுக்கப்பட்டன. வன்னி வெயிலுக்குப் பழகிய உண்ணியின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் கள்ளமாய் ஸ்கண்டிநேவியாவுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் போகின்றன.)

நாட்டு மாடுகள் இதையெல்லாம் எப்படித் தாங்கின? திமில் உள்ள மாட்டினங்கள் உண்ணியோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவை. அவற்றின் தோலும், விடாமல் நக்கித் துப்புரவாக்கும் பழக்கமும், உடலின் எதிர்ப்பும் சேர்ந்து ஏறிய குஞ்சுகளில் பெரும்பகுதியை முதிர விடுவதில்லை. ஐரோப்பிய இனங்களில் அவை தாராளமாக முதிரும். அவுஸ்திரேலியாவின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். 1872இல் யாவாவிலிருந்து டார்வினுக்கு இறக்கிய மாடுகளோடு மாட்டுண்ணி அங்கே நுழைந்தது. 1890களில் குவின்ஸ்லாந்தை அடைந்து ஐரோப்பிய மாடுகளை வாரிக்கொண்டு போனது. மருந்துக் குளிப்பாட்டலில் களைத்துப்போன அவர்கள் 1933இல் பிராமன் மாடுகளை இறக்குமதி செய்து கலக்கத் தொடங்கினார்கள். அந்தப் பிராமன் யார்? இந்தியத் திமில் மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இனம். அவர்கள் எமது மாட்டைத் தேடிப்போன அதே நூற்றாண்டில் நாம் அவர்களுடையதைத் தேடிப்போனோம். 2017இல் இலங்கை அவுஸ்திரேலியாவிலிருந்து கறவை மாடுகளைக் கப்பலில் இறக்கியதும், அவற்றில் பல இறந்ததும், விவசாயிகள் கடனாளியாக நின்றதும் செய்திகளில் வந்தவை. அங்கே காரணங்கள் பல; உண்ணியை மட்டும் சொல்லமுடியாது. ஆனால் 'அதிக பால்' என்ற ஒரே கணக்கில் மாட்டைத் தெரிவு செய்த மனநிலை எங்களுடையதைப் போன்றதுதான்.

நாட்டுமாடு ஓரிரு லீற்றர்தான் தரும், அதை வைத்து ஒரு குடும்பம் எப்படி வாழ்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கலப்பினத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. நாட்டுமாட்டு இரத்தம் போதியளவு உள்ள கலப்பை, அதே பிரதேசத்தில் பிறந்து வளர்ந்த கன்றுத்தாச்சியை, உள்ளூர்க் கால்நடை வைத்தியரைக் கேட்டு வாங்கவேண்டும் என்கிறேன். யாழ்ப்பாணக் கொட்டிலிலிருந்து மாட்டைக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டுமென்றால், வறண்ட மாதங்களில், சினைக்கு முன்பே கொண்டுபோய், முதல் இரண்டு மாதமும் காய்ச்சல் பார்த்து, மூத்திர நிறம் பார்த்துக் கவனிக்கவேண்டும். பபேசியாவுக்கும் தைலேரியாவுக்கும் அனாபிளாஸ்மாவுக்கும் மருந்துகள் உண்டு. மூன்றுக்கும் ஒரே மருந்தல்ல. முதல் ஒன்றிரண்டு நாளில் போட்டால் பெரும்பாலும் தப்பும். காட்டோரக் கிராமத்துக்கு வைத்தியர் வந்துபோகும் செலவும் மருந்துச் செலவும் யாருடையது? பசுவுக்குப் பணம் சேர்த்த எங்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மருந்தைத் தெளித்து உண்ணியை ஒழித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்கா 1906இல் தொடங்கி 1943 வரை அரச பலத்தோடு போராடித்தான் மாட்டுண்ணியை விரட்டியது. இன்றும் மெக்சிக்கோ எல்லையோரத்தில் காவல் வலயம் வைத்திருக்கிறது. உலகெங்கும் மைக்ரோப்ளஸ் ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகளுக்குப் பழகிவிட்டது. சைபர்மெத்ரின், அமிற்றாஸ், ஐவர்மெக்ரின் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கடையில் வாங்கிய மருந்தைக் கண்ணளவில் தண்ணீரில் கலந்து அரைகுறையாகத் தெளிப்பது உண்ணிக்குப் பயிற்சி கொடுப்பதுபோல. கியூபா 1993இலும் அவுஸ்திரேலியா அடுத்த ஆண்டிலும் இந்த உண்ணிக்கு எதிராக மாட்டுக்குப் போடும் தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. உதவியது, ஒழிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கொட்டிலில் அம்மா பின்னேரத்தில் வேப்பிலை மூட்டம் போடுவதும், ஐயா ஞாயிற்றுக்கிழமைகளில் மடியடியிலும் காதுக்குள்ளும் கைவிட்டு உண்ணி பிடுங்கிச் சிரட்டைக்குள் மண்ணெண்ணெயில் போடுவதும் நினைவில் இருக்கிறது. உண்ணி ஒழியாது, தொகையைக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்ற அந்தக் கணக்கு பிழையில்லை. மாட்டின் பின்னால் திரியும் வெள்ளைப் பறவைக்கு உண்ணிக்கொக்கு என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்.

அந்தக் கணக்கு சரிவருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இடம். மாட்டை ஒரு வெளியில் மேய்த்து, பிறகு சில மாதம் அந்த வெளியை ஆறவிட்டால் ஏறுவதற்கு மாடில்லாமல் உண்ணிக்குஞ்சுகள் பட்டினியால் சாகும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் காலபோகத்தில் வயல் விதைக்கும்போது மாடுகளைத் தூரத்துக் காட்டுப்பக்கம் ஓட்டிப்போய், அறுவடைக்குப் பின் வயலுக்குக் கொண்டுவரும் பழைய முறை பயிரைக் காப்பதற்காக ஏற்பட்டது. ஆனாலும் நிலத்தை ஆறவிடும் வேலையையும் அது சேர்த்தே செய்தது. இன்று அந்த இடம் எங்கே? மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் வெளியிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். மாடுகள் காயப்படுத்தப்பட்டதையும் கொல்லப்பட்டதையும் அவர்கள் திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். நாம் அதை நிலவுரிமைப் பிரச்சினையாக மட்டும் படித்தோம். அது நிலவுரிமைப் பிரச்சினைதான். ஆனால் அதே எண்ணிக்கை மாடுகள் பாதி நிலத்துக்குள் ஒடுங்கும்போது ஒவ்வொரு அடிப் புல்லிலும் உண்ணி கூடும், புல் குறையும், மாடு மெலியும், மெலிந்த மாட்டில் உண்ணி இன்னும் ஏறும். நோர்வேயில் மேய்ச்சல் நின்றதால் பற்றை வளர்ந்து உண்ணி கூடியது. எங்கள் பக்கம் மேய்ச்சலுக்கு நிலமில்லாமல் அடைபட்டதால் கூடுகிறது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் ஒரேயடியாக இறந்தன. குளிரே காரணம் என்று சொல்லப்பட்டது. பாட்ஸ்பியோர்டில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைப் படித்தபோது, இந்தக் குளிருக்கா மாடு செத்தது என்று பலர் நம்ப மறுத்தார்கள். நனைந்த உடம்பு, காற்று, கூரையில்லாத பட்டி, உடம்பில் எரிக்கக் கொழுப்பில்லாத மாடு என்றால் அந்தக் குளிர் போதும். இரத்தம் உறிஞ்சப்பட்டு மெலிந்த பட்டிமாடு அதை எதிர்கொள்ள எவ்வளவு தயாராக இருந்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இந்த முறை அந்தத் தங்கச்சிக்கு மறுபடியும் ஒரு மாடு வாங்குவதென்று பேச்சு வந்தபோது, பணம் சேர்த்ததோடு நிற்காமல் அவரையே கேட்டோம். பக்கத்து ஊரில் ஒரு பட்டிக்காரரிடம் கலப்பு நாகு ஒன்று நிற்கிறது, அந்தக் காட்டிலேயே பிறந்தது, நான்கு லீற்றர்தான் கறக்கும், ஆனால் சாகாது என்றார். மிச்சப்பட்ட பணத்தை வைத்தியச் செலவுக்கென்று அவர் பெயரிலேயே வங்கியில் போட்டுவிட்டோம். படம் இன்னும் வரவில்லை. தை பிறந்து மழை விட்டதும் மாட்டைக் கொண்டுவரலாம் என்று சொல்லியிருக்கிறார்.